டேங்க் மாடல்ல "எங்கயோ உதைக்குது"ன்னு தோணுதா, இங்க பாருங்க

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் மாடில ஒரு ரூம், மூணு சிஸ்டம், நானும் ரெண்டு தம்பிங்களும், கம்ப்யூட்டர் கேமுக்கு வண்டி 3டி மாடல் பண்ணி குடுக்கறதுதான் பொழப்பு. இப்ப போய்ட்டிருக்கறது 1971 போர் கேம் ஒண்ணு, அதுக்கு முன்னாடி ரெண்டாம் உலகப்போர் டேங்க்குங்க ஒரு பத்து பன்னெண்டு பண்ணிருப்போம். மாடல் அனுப்புனா ரிவ்யூ பண்றவர் திருப்பி அனுப்புவாரு, பாதி நேரம் அவரு எழுதறது ஒரே வரிதான், "ஏதோ சரியில்ல". என்ன சரியில்லன்னு கண்டுபுடிக்கறது நம்ம தலையெழுத்து. அப்படி திரும்பி வந்த மாடலுங்கள்ல இருந்து சேத்து வெச்ச நோட்டு இது, புதுசா வர்ற பசங்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லி சொல்லி தொண்டை போகுது, அதான் எழுதிட்டேன். உங்க மாடல்ல எது தெரியுதோ அந்த இடத்துக்கு நேரா போய்க்கங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி, எந்த வண்டி பண்றீங்க? "டி-55 பண்றேன்"னா, ரஷ்யாக்காரன் டேங்க்னு மட்டும்தான் தெரியுது, அது பதிலே இல்ல. எந்த நாட்டு வண்டி, எந்த வருஷம் எந்த மாசம், எங்க நிக்குது, மூணையும் ஒரு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டுங்க. எங்க மானிட்டர்ல "இந்திய டி-55, 1971 டிசம்பர், மேற்கு எல்லை"ன்னு ஒட்டியிருக்கு, அதுக்கு பக்கத்துலயே தட்டுவடை செட் கடைக்காரர் நம்பரும் ஒட்டியிருக்கு, ரெண்டும் ஒரே அளவு தேவைப்படுது. அந்த சீட்டு இல்லாம கீழ சொல்ற எதையும் பண்ணாதீங்க, சரியா தப்பான்னு அளக்க ஒரு அளவுகோல் வேணும்ல, அது அந்த சீட்டுதான்.

வண்டி குட்டியா தெரியுது, இல்லன்னா புடிச்சு இழுத்த மாதிரி தெரியுது

இது வந்தா மொதல்ல ப்ளெண்டர்ல (நாங்க மாடல் பண்ற 3டி சாஃப்ட்வேர்) 1.75 மீட்டர் உயரத்துக்கு ஒரு பொம்மை மனுஷன உருவாக்கி வண்டிக்கு பக்கத்துல நிறுத்துங்க. எங்க சின்ன தம்பி பண்ண மொத டி-55 பக்கத்துல நிறுத்துனா அந்த பொம்மை டரட் (மேல சுத்தற தலைப்பகுதி) கூரை மேல தாடைய வெச்சுட்டு நிக்குது, பார்த்தவுடனே சிரிச்சுட்டோம். நடந்தது என்னன்னா, சைடு வியூ ப்ளூபிரிண்ட போட்டு, புக்குல "நீளம் 6.45 மீட்டர்"னு இருந்தத பார்த்து, பின்பக்கத்துல இருந்து பேரல் (பீரங்கி குழாய்) நுனி வரைக்கும் 6.45ன்னு ஸ்கேல் பண்ணிட்டான். 6.45 ங்கறது ஹல் நீளம், அதாவது வண்டியோட அடி உடம்பு மட்டும், பேரல முன்னாடி நீட்டி வெச்சு அளந்தா 9 மீட்டர். அப்ப மொத்த வண்டியும் கால்வாசிக்கு மேல சுருங்கிடுச்சு, 2.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டியது 1.7 மீட்டர்தான் வருது. ஜெர்மன்காரன் டைகர் டேங்க்லயும் இதே குழிதான், பேரலோட 8.45, ஹல் மட்டும் 6.316. புக்குல நீளம்னு போட்டிருந்தா அது எந்த நீளம்னு கேக்காம ஸ்கேல் பண்ணாதீங்க.

ப்ளூபிரிண்ட்னு நெட்ல கெடைக்கறத அப்படியே நம்பறதும் வேணாம். முன்பக்கம், சைடு, மேல்பக்கம்னு மூணு படம் ஒரே பக்கத்துல இருக்கும், ஆனா மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது, ஒவ்வொண்ணையும் தனித்தனியா அளந்து தனித்தனியா ஸ்கேல் பண்ணணும். நான் பண்றது, தெரிஞ்ச ஒரு சின்ன அளவ புடிச்சுக்கறது. டி-55 ரோடு வீல் விட்டம் 810 மி.மீ., வீல அளந்து அத வெச்சு உயரத்த பாரு, வீல மாதிரி ஏறக்குறைய மூணு மடங்கு வரணும், வரலன்னா அந்த படம் குப்பைக்கு.

போட்டோவ வெச்சு மாடல் பண்றீங்கன்னா இன்னொரு சிக்கல், வண்டிக்கு ரெண்டு மீட்டர் பக்கத்துல நின்னு போன்ல எடுத்த போட்டோவுல முன்பக்கம் ஊதி, பின்பக்கம் சுருங்கி இருக்கும். அதை பேக்கிரவுண்டா வெச்சு கோடு இழுத்தா மாடலும் ஊதித்தான் வரும். தள்ளி நின்னு ஜூம் போட்டு எடுங்க, பழைய போட்டோன்னா எஃப்ஸ்பைன்னு இலவச டூல் இருக்கு, கேமரா எந்த கோணம்னு கணக்கு போட்டு குடுக்கும். சைடு போட்டோ நேரா எடுத்ததான்னு பாக்க வீல பாருங்க, வட்டமா இருந்தா நேரு, முட்டை மாதிரி இருந்தா சாஞ்சு எடுத்தது.

ப்ளெண்டர்ல சரியா இருந்து கேம் எஞ்சின்ல (அன்ரியல், யூனிட்டி மாதிரி கேம ஓட்டற சாஃப்ட்வேர்) போட்டதும் நூறு மடங்கு ஆச்சுன்னா, இல்ல எறும்பு சைஸ் ஆச்சுன்னா, அது வரலாறு பிரச்சனை இல்ல, அன்ரியல்ல ஒரு யூனிட் ஒரு சென்டிமீட்டர், யூனிட்டில ஒரு மீட்டர், எஃப்பிஎக்ஸ் எக்ஸ்போர்ட் செட்டிங்ல போய் சரி பண்ணிக்கங்க.

ஒவ்வொரு பார்ட்டும் சரி, ஆனா சேத்து பாத்தா தப்பு

இதான் இருக்கறதுலயே மோசமானது, ஏன்னா நாம எவ்வளவு உழைச்சோமோ அவ்வளவு தப்பாகும். எனக்கே நடந்தத சொல்றேன். ஒரு ஊர்ல நினைவுச்சின்னமா ஒரு டி-55 நிறுத்தி வெச்சிருந்தாங்க, பைக்க எடுத்துட்டு போயி காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் முந்நூறு போட்டோ எடுத்துட்டு வந்தேன், வெயில்ல கழுத்து கருகிடுச்சு. ரெண்டு வாரம் உக்காந்து போல்ட் போல்ட்டா மாடல் பண்ணி அனுப்புனேன். திரும்பி வந்துச்சு, இந்த தடவ ஒரு வரி இல்ல, ஒரு வட்டம் போட்டு அனுப்பிருந்தாரு, பேரல் நடுவுல.

பேரல்ல ஒரு எடத்துல மட்டும் தடிச்சு ஒரு உருளை இருக்கும்ல, சுட்டதுக்கு அப்புறம் புகை உள்ள வராம வெளிய தள்ளறது, ஃப்யூம் எக்ஸ்ட்ராக்டர்ம்பாங்க. டி-55 ஓட சொந்த 100 மி.மீ. பீரங்கில அது பேரல் நுனியிலயே இருக்கும். நான் போட்டோ எடுத்த வண்டில அது நடுவுல இருந்துச்சு, ஏன்னா நம்ம ஆர்மி பிற்காலத்துல டி-55 களுக்கு 105 மி.மீ. பீரங்கி மாத்துனாங்க, அந்த பீரங்கில உருளை நடுவுலதான் வரும். 1971ல அது கெடையாது. அதாவது முந்நூறு போட்டோவும் உண்மை, வண்டியும் உண்மை, ஆனா தேதி வேற. பேரல மட்டும் மாத்துனா தீரும்னு நெனச்சேன், அதுக்கு ஏத்த மாதிரி வேற என்னென்ன மாத்திருக்காங்கன்னு ஒவ்வொண்ணா சலிச்சு எடுக்க இன்னும் ஒரு வாரம் ஆச்சு.

அதே கேம்ல எதிர் தரப்புக்கு டைப் 59 வேணும், அது டி-54 ஏ வ பார்த்து சைனாக்காரன் செஞ்சது, பாகிஸ்தான் அத ராஜஸ்தான் எல்லைல லோங்கேவாலால ஓட்டிட்டு வந்தாங்க, 1971 டிசம்பர் 4 ராத்திரி. டி-55 மாடல காப்பி பண்ணி கலர் மாத்துனா போதும்னு பெரிய தம்பி சொன்னான், போதாது. டி-54 குடும்பத்துக்கு டரட் கூரைல வலது பக்கம், லோடர் (குண்டு நிரப்பறவன்) மூடிக்கு முன்னாடி ஒரு காளான் மாதிரி வென்டிலேட்டர் மேடு இருக்கும், டி-55ல அது இல்ல. தூரத்துல இருந்து பாத்தா அது ஒரு இட்லி கவுத்து வெச்ச அளவுதான், ஆனா விஷயம் தெரிஞ்சவன் கண்ணு மொதல்ல அங்கதான் போகும்.

ரெண்டாம் உலகப்போர் வண்டின்னா டைகர்லதான் இந்த கலப்படம் அதிகம், எல்லாருக்கும் டைகர் மேல ஆசை, எல்லா ஸ்டைலான பார்ட்டும் வேணும். வட ஆப்பிரிக்கா மேப்ல ஓடற டைகருக்கு சிம்மரிட் பூசியிருப்பாங்க, அதான் காந்த வெடி ஒட்டாம இருக்க வரி வரியா பூசற சாந்து. ஆப்பிரிக்கால ஜெர்மன்காரன் சரணடைஞ்சதே 1943 மே மாசம், சிம்மரிட் பூச ஆரம்பிச்சது அந்த வருஷம் பின்பாதிலதான். ரப்பர் போட்ட ரோடு வீல் முந்தின வண்டிங்களுக்கு, இரும்பு விளிம்பு வீல் 1944ல இருந்து. கமாண்டர் தல நீட்டற கப்போலா மொதல்ல உயரமான டின் டப்பா மாதிரி, 1943 நடுவுல இருந்து தட்டையா பெரிஸ்கோப் சுத்தி வெச்சது. இங்கிலாந்துல போவிங்டன்ல இருக்கற டைகர் 131 டுனிசியால 1943 ஏப்ரல்ல புடிச்சது, அத பார்த்து மாடல் பண்ணிட்டு 1944 நார்மண்டி மேப்ல விடறாங்க பாருங்க, அங்கதான் உதைக்குது.

அமெரிக்காக்காரன் ஷெர்மன் டேங்க்கும் அதே கதைதான். எம்4ஏ1 ன்னா உருக்கி ஊத்துன உருண்ட ஹல், எம்4ஏ3 ன்னா பிளேட் வெட்டி வெல்டிங் பண்ண ஹல், எம்4ஏ4 க்கு உள்ள பெரிய எஞ்சின் வெச்சதால ஹல்லே நீளம், வீல் செட்டுங்களுக்கு நடுவுல இடைவெளி கூட. முன்பக்க சரிவு, செங்குத்துல இருந்து அளந்தா, முந்தினதுல 56 டிகிரி, பிந்தினதுல 47. "ஷெர்மன்"னு ஒரு வண்டி கிடையாதுங்க.

இதுக்கு மருந்து ஒண்ணுதான். ஒரு ஷீட் போடுங்க, ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு வரி, அது எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு, சீட்டுல இருக்கற தேதி அந்த ரெண்டுக்கும் நடுவுல விழுதான்னு பாருங்க. மாடல் பண்றதுக்கு முன்னாடி. பின்னாடி பண்ணா என் மாதிரி கழுத்து கருகுனதுதான் மிச்சம்.

டிராக் கன்வேயர் பெல்ட் மாதிரி ஓடுது

டிராக் பத்தி எழுத உக்காந்தா நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கங்க. பெல்ட் மாதிரி தெரியறதுக்கு மூணு காரணம், மேல தொங்கல் இல்ல, லிங்க் எண்ணிக்கை கணக்குல வரல, ஸ்ப்ராக்கெட் (டிராக்க இழுக்கற பல்சக்கரம்) பல்லும் லிங்க்கும் சேரல.

தொங்கல புரிஞ்சுக்க புக்கு வேணாம், பொக்லைன் பாருங்க. வெள்ளைக்கல் மைன்ஸ் பக்கம் ரோட்டோரமா ஒரு பொக்லைன் லாரில இருந்து எறங்கி நகர்றத ஒரு நாள் கால் மணி நேரம் நின்னு பாத்தேன், டிரைவர் அண்ணன் என்னடா இவன்னு முறைச்சாரு, டீ வாங்கி குடுத்ததும் முன்ன பின்ன ஓட்டியே காட்டுனாரு. ஸ்ப்ராக்கெட் எந்த பக்கம் இழுக்குதோ அந்த பக்கம் டிராக் விறைக்குது, தள்ளி விடற பக்கம் லூஸாகுது. ரிவர்ஸ் போட்டதும் அந்த லூஸ் அப்படியே எடம் மாறுது, மாறும்போது ஒரு "டங்"னு சத்தம். லிங்க்ல தரையில பதியற முனை மட்டும் எவர்சில்வர் மாதிரி பளபளன்னு இருக்கு, பின் தலை கருப்பா எண்ணெய் பிசுக்கு, மடிப்பு மூலைல வெள்ளைக்கல் தூசி மாவு மாதிரி அடைஞ்சிருக்கு. அன்னைக்கு எடுத்த வீடியோ இன்னிக்கும் எங்க ரெஃபரன்ஸ் ஃபோல்டர்ல மொத ஃபைல்.

இத டேங்க்குக்கு கொண்டு வாங்க. ரஷ்யாக்காரன் டி-34, டி-55 ரெண்டுக்கும் ஸ்ப்ராக்கெட் பின்னாடி, மேல தாங்கற ரோலர் கிடையாது. முன்னாடி போகும்போது கீழ்ப்பக்கம் விறைப்பு, மேல்பக்கம் லூஸா வீல் தலை மேலயே படுத்து வீலுக்கு வீல் அலை மாதிரி தொங்கணும். டைகர், ஷெர்மன், பேன்தர் எல்லாம் ஸ்ப்ராக்கெட் முன்னாடி, மேல்பக்கத்த முன்னாடி இழுக்குது, அதனால முன்ன போகும்போது மேல கொஞ்சம் விறைக்கும், லூஸ் ஸ்ப்ராக்கெட்டுக்கும் மொத ரோடு வீலுக்கும் நடுவுல வந்து சேரும். ரெண்டு வகைக்கும் ஒரே தொங்கல் ரிக் போட்டா, பாக்கறவனுக்கு காரணம் தெரியாது ஆனா மனசு ஒத்துக்காது.

எண்ணிக்கை கணக்கு ரொம்ப சிம்பிள். நீளமான எம்4ஏ4 தவிர மத்த ஷெர்மன் டிராக் ஒரு பக்கத்துக்கு 79 லிங்க், ஒரு லிங்க் பிட்ச் (பின்னுக்கு பின் தூரம்) 6 இன்ச், அதாவது 152.4 மி.மீ., பெருக்குனா 12.04 மீட்டர். நீங்க போட்ட கர்வ் நீளம் அதுக்கு வரலன்னா லிங்க்க நீட்டி சமாளிக்காதீங்க, ஐட்லர் (ஸ்ப்ராக்கெட்டுக்கு எதிர் முனைல சும்மா சுத்தற சக்கரம்) எடமோ வீல் எடமோ தப்பா இருக்கு, தொங்கல் கூடவோ கொறைச்சலோ இருக்கு, அதை தேடுங்க. இந்த ஒரு கணக்கு வேற எங்கயோ இருக்கற தப்ப காட்டி குடுக்கும், எங்களுக்கு ஒரு தடவ ஹல்லே 8 சென்டிமீட்டர் நீளமா போயிருந்தது இதுலதான் மாட்டுச்சு.

பல்லு சேர்றது அடுத்தது. ஷெர்மன் ஸ்ப்ராக்கெட்டுக்கு 13 பல்லு, அப்ப ஒரு சுத்துக்கு 13 லிங்க், 1.98 மீட்டர் நகரணும். டி-34 வேற ரகம், அதுல பல்லே இல்ல, டிரைவ் வீலுக்கு உள்ள 6 ரோலர், டிராக்ல ஒண்ணு விட்டு ஒரு லிங்க்ல கொம்பு, அந்த கொம்ப ரோலர் தள்ளுது, அப்ப ஒரு சுத்துக்கு 12 லிங்க். எல்லா லிங்க்லயும் கொம்பு வெச்ச டி-34 டிராக் நெறைய எடத்துல பார்த்திருக்கேன், அது ஓடாதுங்க, நெஜத்துல செஞ்சா மாட்டிக்கும். ரோடு வீல் சுத்தறது தனி கணக்கு, போன தூரத்த வீல் சுற்றளவால வகுங்க, டி-55க்கு 2.54 மீட்டருக்கு ஒரு சுத்து. யூவி ஸ்க்ரோல் (டெக்ஸ்சர மட்டும் நகத்தறது) வெச்சு டிராக் ஓட்டறீங்கன்னா அந்த வேகமும் இதே தூரத்துல இருந்துதான் வரணும், கண்ணளவுல நம்பர் போட்டா வீல் ஒரு பக்கம் டிராக் ஒரு பக்கம் வழுக்கும்.

இன்னொண்ணு சொல்லிடறேன், வீல் இடைவெளி. டி-54, டி-55ல மொத வீலுக்கும் ரெண்டாவது வீலுக்கும் நடுவுல தெளிவா ஒரு சந்து இருக்கும். டி-62ல சந்து பின்னாடி வீலுங்க நடுவுல. அஞ்சு வீலயும் சமமா அர்ரே மாடிஃபையர்ல அடுக்கிட்டா அது ரெண்டுமே இல்ல.

இடது வலது ரெண்டும் கண்ணாடி மாதிரி ஒண்ணா இருக்கு

ஒரு பாதி பண்ணா மறுபாதிய தானா காப்பி பண்ற மிரர் மாடிஃபையர் பண்ற வேலை. டார்ஷன் பார் (முறுக்கிக்கற கம்பி) சஸ்பென்ஷன் இருக்கற நெறைய டேங்க்ல அந்த கம்பி ஹல்லுக்கு குறுக்க இந்த பக்கத்துல இருந்து அந்த பக்கம் வரைக்கும் ஓடுது, இடது வீலோட கம்பியும் வலது வீலோட கம்பியும் ஒரே எடத்துல இருக்க முடியாதுல்ல, பக்கத்துல பக்கத்துல படுக்கணும், அதனால ரெண்டு பக்கத்து வீலும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் முன்ன பின்ன தள்ளி நிக்கும். ஹல்லுக்கு மிரர் போடுங்க, வீலுக்கு வேணாம். டி-55ல டிரைவர் இடது பக்கம், சைலன்சர் புகை வர்றதும் இடது ஃபெண்டர்ல (டிராக்குக்கு மேல இருக்கற தகடு) பின்னாடி, வெளி டீசல் டேங்க்குங்க வலது ஃபெண்டர்ல. புகைக்கரி ரெண்டு பக்கமும் படிஞ்சிருந்தா, பாத்த உடனே தெரியும் மிரர்னு.

பேரல் கீழ எறங்குனா ஹல்லுக்குள்ள போகுது

பிவட் எடம் தப்பு, இல்ல கோணம் தப்பு. பேரல் ஆடற அச்சு வெளிய தெரியற கவசத்துல இல்ல, அதுக்கு உள்ள தள்ளி இருக்கு. கோணம் டி-55க்கு கீழ 5 டிகிரி, மேல 18. ஷெர்மனுக்கு கீழ 10, மேல 25. எங்க கேம் டிசைனர் "டி-55க்கும் பத்து குடுங்க, மேட்டுல நின்னு சுட நல்லா இருக்கும்"னு கேட்டாரு. முடியாதுன்னுட்டேன். பேரல் முன்னாடி எறங்கணும்னா உள்ள பின்பக்கம் மேல ஏறணும், அந்த டரட் கூரை தாழ்வு, இடிக்கும், அந்த வண்டிய அவ்வளவு தாழ்வா செஞ்சதுக்கு அவன் குடுத்த விலையே அதுதான். ஏற்காடு ரோட்டுல ஹேர்பின் வளைவு மேட்டுக்கு பின்னாடி ஒளிஞ்சு கீழ வர்றவன சுடணும்னா ஷெர்மன் தலைய மட்டும் காட்டுனா போதும், டி-55 நெஞ்சு வரைக்கும் ஏறி காட்டணும். அத எடுத்துட்டா அப்புறம் எதுக்கு அந்த வண்டி. சுடும்போது பேரல் மட்டும் பின்னாடி போயி வரணும், கவசமும் சேந்து போகுதுன்னா பேரன்டிங் பாருங்க, எந்த பார்ட்ட எதோட கட்டியிருக்கீங்கன்னு.

இரும்பு மாதிரி இல்ல, பிளாஸ்டிக் மாதிரி இருக்கு

எங்க பக்கத்து வீட்டு மாமா ஸ்டீல் பிளான்ட்ல ரிட்டயர் ஆனவரு, ஒரு நாள் ஸ்கிரீன பாத்துட்டு "தம்பி, இது உருக்கா ரெக்சினா"ன்னாரு. கோவம் வந்துச்சு, ஆனா அவரு சொன்னது சரி. நான் டரட்டுக்கும் ஹல்லுக்கும் ஒரே சொரசொரப்பு டெக்ஸ்சர் போட்டிருந்தேன். டி-55 டரட் அச்சுல ஊத்துன வார்ப்பு, ஹல் உருட்டுன பிளேட்ட வெட்டி வெல்டு பண்ணது, ரெண்டும் வேற வேற தோலு. வார்ப்புல மணல் அச்சு பதிஞ்ச புள்ளி புள்ளி, அச்சு சேந்த எடத்துல ஒரு தழும்பு, எங்கயும் கூர்மையான ஓரம் இல்ல. பிளேட் தட்டையா கிட்டத்தட்ட வழவழன்னு, ஆனா ஓரம் வேற.

அந்த ஓரத்த பாக்க மாமாவே செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு பட்டறைக்கு கூட்டிட்டு போனாரு. கேஸ் கட்டிங் பண்ண தடி பிளேட் ஒண்ணு செவத்துல சாத்தியிருந்துச்சு, வெட்டுன பக்கம் சீப்பு இழுத்த மாதிரி நெருக்க நெருக்கமா கோடு, கோடு நேரா இல்ல, கீழ போக போக பின்னாடி சாயுது, அடி விளிம்புல உருகி சொட்டுன கசடு முத்து முத்தா. விரல் வெச்சு தடவி பாத்தேன். டேங்க் பிளேட் ஓரம் வெளிய தெரியற எடமெல்லாம் இதுதான் வேணும், நாம ஓரத்த மழிச்சு விடற சொகுசு பெவல் இல்ல.

அதுக்கப்புறமும் பிளாஸ்டிக்கா இருந்தா ரஃப்னஸ் மேப்ப (எங்க எவ்வளவு சொரசொரப்புன்னு சொல்ற படம்) எஞ்சின்ல எஸ்ஆர்ஜிபின்னு, அதாவது கலர் படம்னு, டிக் பண்ணி விட்டுட்டீங்களான்னு பாருங்க, அதை எடுத்து விடணும், இல்லன்னா எல்லாமே வேண்டாத பளபளப்பு. வெல்டு கோடு மேல எழும்பாம பள்ளமா தெரிஞ்சா நார்மல் மேப்ல (மேடு பள்ளம் காட்டற படம்) பச்சை சேனல் தலைகீழ், ப்ளெண்டரும் யூனிட்டியும் ஒரு மாதிரி, அன்ரியல் அதுக்கு எதிர் மாதிரி. இத தெரியாம "ரஷ்யாக்காரன் வெல்டு இப்படித்தான் குழியா இருக்கும்"னு ஒருத்தன் என்கிட்ட வாதாடுனான்.

கலர் கருப்படிக்குது, இல்ல மண்ணு ஒட்டல

கருப்படிச்சா மொதல்ல மெட்டாலிக் (உலோகமா இல்லையான்னு சொல்ற அளவு) பாருங்க. டேங்க் இரும்புதான், ஆனா கண்ணுக்கு தெரியறது பெயின்ட், பெயின்ட் உலோகம் இல்ல, மெட்டாலிக் பூஜ்யம். பெயின்ட் உரிஞ்சு பளபளக்கற எடத்துக்கு மட்டும் ஒண்ணு. பேஸ் கலர்ல, 0-255 அளவுல, 30க்கு கீழ எந்த சேனலும் போக வேணாம். அப்புறம் எஞ்சின் டோன்மேப்பர் (கடைசியா வெளிச்சத்த சரி பண்றது) தன் பங்குக்கு கலர முறுக்கும், அதனால சாம்பல் பேக்கிரவுண்ட்ல சாதா வெளிச்சத்துல வெச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, சாயங்கால வெயில் லெவல்ல வெச்சு பாத்து கலர் மாத்தாதீங்க.

எந்த கலர்ங்கறதுக்கு திரும்பவும் சீட்டுதான். ஐரோப்பால ஓடுன ஜெர்மன் வண்டின்னா 1943 பிப்ரவரி வரைக்கும் அடி கலர் கருஞ்சாம்பல், ரால் 7021 (ரால்ங்கறது ஜெர்மன் பெயின்ட் நம்பர்), அதுக்கப்புறம் மஞ்சள் சாயல், ரால் 7028. அன்னிக்கு எடுத்த கருப்பு வெள்ளை போட்டோவுக்கு இப்ப யாரோ கலர் பூசி போட்டிருப்பாங்க, அதுல இருந்து ஐட்ராப்பர்ல கலர் எடுக்கற பழக்கம் இருந்தா இன்னிக்கே விட்ருங்க, அது அந்த கலர் பூசுனவரோட ஊகம், வண்டியோட கலர் இல்ல.

மண்ணு விஷயத்துல நான் ஒரு தடவ மானம் போனேன். ஏற்காடு அடிவாரத்துல மழை விட்ட அடுத்த நாள் லாரி டயர் பதிஞ்ச சேறு, அருமையான செவப்பு, போன்லயே சுத்தி சுத்தி எடுத்து போட்டோகிராமெட்ரி (போட்டோவுல இருந்து 3டி எடுக்கறது) போட்டு சூப்பரா ஒரு மெட்டீரியல் பண்ணேன், காசு குடுத்தாலும் கெடைக்காது அப்படி வந்துச்சு. அத எடுத்து ரஷ்யால இருக்கற குர்ஸ்க் மேப்ல ஓடற டி-34 வீலுல அப்புனேன். குர்ஸ்க் கரிசல் மண்ணு, கன்னங்கரேல்னு. சேலத்துல இருந்து நேரா ஓட்டிட்டு வந்த மாதிரி நிக்குது வண்டி. ரிவ்யூல "இது எந்த ஊர் மண்?"னு மட்டும் கேட்டிருந்தாரு, பதில் எழுதல. கலர்தான் ஊருக்கு ஊர் மாறும், மண்ணு எப்படி படியுதுங்கறது மாறாது, அதனால எங்கெங்க மண்ணு படியணும்னு சொல்ற மாஸ்க் எல்லாம் அப்படியே வெச்சுட்டு கலர மட்டும் மாத்துனேன், வேலை வீணாகல. லோங்கேவாலா வண்டிக்கு இப்ப அதே மாஸ்க்தான், மணல் கலர் குடுத்து, ஈரத்த எடுத்துட்டு.

துரு ரொம்ப போடாதீங்க. ஓடிட்டிருக்கற போர் வண்டி ஆரஞ்சு கலர்ல துருப்புடிச்சு நிக்காது, அது இருபது வருஷம் மழைல நிக்கற நினைவுச்சின்னம். டிராக்ல, சைலன்சர்ல துரு சரி. மத்த எடத்துல தூசி, எண்ணெய், பூட்ஸ் தேய்ச்ச தடம், ஆளு ஏறி எறங்கற வழி எதுன்னு யோசிச்சு அங்க மட்டும்.

ரெண்டு ரெஃபரன்ஸ் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குது

இது கடைசில எல்லாருக்கும் வரும். என்னோட வரிசை இது: தேதியும் எடமும் தெரிஞ்ச போர்க்கால போட்டோ மொதல்ல, அடுத்தது அந்தக்கால ஃபேக்டரி படமும் மேனுவலும், அதுக்கப்புறம் மியூசியம் வண்டி, அதுக்கும் கீழ பிளாஸ்டிக் கிட், கடைசியா வேற கேம்ல இருக்கற மாடல். கடைசிது ரெஃபரன்ஸே இல்ல, அவன் பண்ண தப்ப நாம காப்பி அடிக்கறது. மகாராஷ்டிரால அகமத்நகர்ல (இப்ப அஹில்யாநகர்னு பேரு) ஆர்மியோட டேங்க் மியூசியம் இருக்கு, போனா ஒரு நாள் பத்தாது, ஆனா அங்கயும் எங்கயும் வண்டிக்கு புது பெயின்ட் அடிச்சிருப்பாங்க, காணாம போன பார்ட்டுக்கு வேற வண்டி பார்ட் போட்டிருப்பாங்க, அதனால அளவ எடுங்க, கலர எடுக்காதீங்க.

நம்பர், பேரு எல்லாம் போட்டோ இருந்தா மட்டும். ஆர்மி வண்டி நம்பருக்கு முன்னாடி மேல பாத்த அம்புக்குறி வரும், அத மறந்துடறாங்க. நம்ம டேங்க் படை அதிகாரி அருண் கேத்ரபால் 1971 டிசம்பர் 16 பசந்தர் சண்டைல கமாண்டரா இருந்த செஞ்சூரியன் டேங்க் பேரு ஃபமகுஸ்தா, அந்த பேர எடுத்து சும்மா அழகுக்கு வேற வண்டில எழுதிடாதீங்க, ஒரு தம்பி டி-55ல எழுதிட்டான், நானே உக்காந்து அழிச்சேன்.

எந்த போட்டோவுலயும் தெரியாத எடம்னு ஒண்ணு கடைசி வரைக்கும் இருக்கத்தான் செய்யும். எங்க டி-55ல வலது ஃபெண்டர்ல டீசல் டேங்க்குக்கு பின்னாடி ஒரு முழம் எடம், அங்க என்ன இருக்குன்னு மூணு மாசமா தேடிட்டோம், ஒரு படத்துலயும் காணோம். கண்டத போட்டு நிரப்பாம ஒரு தார்ப்பாய சுருட்டி கயிறு கட்டி வெச்சுட்டோம். போன வாரம் ரிவ்யூ வந்துச்சு, அத பத்தி ஒண்ணும் சொல்லல, ஐட்லர் பக்கத்துல ஒரு போல்ட் அதிகமா இருக்காம்.